கோடியில் அடுக்கிய மூட்டைகள்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. ஏரி உடைந்து தன் மஞ்சள் காடு மணல்மேடாகிப் போனதைச் சொல்ல, ராமக்காள் அரூரில் ஓர் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அங்கிருந்த அதிகாரி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வானத்துல ஓடற ஆறு வந்து கொட்டிருச்சும்மா. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

அவள் படியிறங்கினாள். துணைக்குப் போன எனக்குத்தான் எரிந்தது. குற்றவாளி வானத்தில் இருந்தால் கீழே யாரையும் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கருமேகங்கள் சூழ்ந்து வானம்...'

அடித்துவிட்டேன். அன்று வானத்தை யார் பார்த்தார்கள்? எல்லாரும் டிவியில் மழைச் செய்தியைத்தான் பார்த்தார்கள்.

அடுத்தது: 'ராமக்காள் ஓர் ஏழைப் பெண்...'

இதுவும் பொய். ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் போட்டவள். இரண்டு எருமை வைத்திருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஏழை என்று எழுதினால் நீங்கள் இரக்கப்பட்டுவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

3

(இது கதை இல்லை. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.)

வானத்தில் ஆறு என்பதை நான் நம்பவில்லை. செல்போன் கடை வைத்திருக்கும் சோஹைல்தான் படம் காட்டினான். கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று, அகலம் குறைவாக, ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு ஆறு மாதிரியே ஓடுகிறதாம். மலை குறுக்கிட்டால் மேலேறிக் குளிர்ந்து கொட்டிவிடுமாம்.

"காஞ்ச ஊருக்குத்தாங்க ஆபத்து ஜாஸ்தி. மண்ணு ஓடு மாதிரி இறுகிக் கெடக்குது. தண்ணி உள்ள எறங்காது, ஓடத்தான் செய்யும்."

"அப்ப ஆபீசர் சொன்னது நெசமா?"

"பாதி நெசமுங்க."

அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. முழுப்பொய்யாக இருந்தால் சுலபமாக மறுத்திருப்பேன்.

4

மழை வருமென்றால் ஆற்றோர ஊர்க்காரன் தண்ணீருக்கு வழிவிடுவான். காய்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள், அடைப்போம். ஏரி நிறைந்து உபரி வழியும் இடத்துக்குக் கோடி என்று பெயர். அதன்மேல் மணல் மூட்டை அடுக்கினால் இன்னும் இரண்டடி தண்ணீர் நிற்கும். கோடையில் கிணறு வற்றாது. அப்பன் காலத்துப் பழக்கம். (இங்கே 'ஆனால்' என்று ஆரம்பித்து ஒரு தத்துவம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன்.)

ஏரி உடைந்த அந்த மழைக்கு முன்னால் அடுக்கச் சொன்னவர் பெரியண்ணன், ராமக்காளின் புருசனுக்கு அண்ணன். ஏரியை முன்னின்று பார்த்துக்கொள்பவர்.

"மாமா, மூட்டைய எடுத்துருங்க. இந்த மழ வேற மாதிரினு சொல்றாங்க."

"வர்ற தண்ணிய வுட்டுட்டு, சித்திரையில லாரித் தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிட்டு நிப்பியா?"

"என் காடு கரைக்குக் கீழ கெடக்குதுங்க."

"உன் காடு கீழ கெடக்குது. ஊரு வாயி மேல காயுது. வூட்டுக்குப் போ புள்ள."

இவரைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன், வரவில்லை. ஊர் வாய் காய்ந்தது நிஜம்.

5

மழை வந்தது. சித்தேரி மலைப்பக்கத்து ஓடைகள் எல்லாம் ஒரே சமயத்தில் இறங்கின. கோடியில் வழி கிடைக்காத தண்ணீர் கரையை உடைத்து, ராமக்காளின் மஞ்சளை...

(இந்த வாக்கியம் முடியவில்லை. இடுப்பளவு மணல். ஓர் எருமை. போதும்.)

ஊர் கூடிக் கரையை அடைத்தது. ராமக்காள் டிராக்டர் வைத்து மணலை வாரிவிட்டு, அடுத்த நடவுப் பட்டத்தில் மறுபடி மஞ்சள் ஊன்றினாள். இந்த வாரம் டிவியில் மறுபடி அதே வானத்து ஆறு. கோடியில் மறுபடி மூட்டைகள்.

"போன தடவ இந்த மூட்டையாலதானுங்க மாமா கரை போச்சு?"

"வானத்து ஆறுனு ஆபீசரே சொல்லிட்டாரு. மூட்டை என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார் பெரியண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

6

ஒரு முடிவு: அவள் மூட்டைகளைத் தள்ளிவிடுகிறாள், மழை ஏமாற்றுகிறது, கோடையில் ஊரே அவளைத் திட்டுகிறது. இன்னொரு முடிவு: பேசாமல் இருக்கிறாள், கரை உடைகிறது, அதே அதிகாரி, அதே பதில். இரண்டிலும் அடி அவளுக்கே என்பதைக் கவனித்தீர்களா? எழுதுகிறவன் கை அப்படிப் பழகிக் கிடக்கிறது.

ஆகவே முடிவு எழுத மாட்டேன். நடந்தவரைக்கும் சொல்கிறேன். பட்டப்பகலில் கடப்பாரையோடு போய் இரண்டு மூட்டைகளை நெம்பி உருட்டிவிட்டாள். கரைமேல் ஊர் நின்று வேடிக்கை பார்க்கிறது. இவ்வளவு நேரமும் நீங்கள் அங்கே நின்றுதான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது மூட்டை ஈரம் குடித்துக் கனத்திருக்கிறது. நெம்பினால் அசையவில்லை, இரண்டு ஆள் தூக்க வேண்டும். ஒரு முனையை ராமக்காள் பிடித்திருக்கிறாள். மறுமுனையில் இன்னும் யாரும் இல்லை.