தரையில் இருந்த மஞ்சள் கோடு

பல்கலைக்கழக ஆய்வுகூடத் தரையில் மஞ்சள் நாடாவொன்று ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் ஊத்தை. வெள்ளிக்கிழமை தரைக்கு மெழுகு பூசும்போது அதையும் சுரண்டி எடுத்துவிட்டேன். துப்புரவு செய்கிறவன் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும்.

திங்கள் காலை குப்பை எடுக்கப் போனேன். றொஷினி திரையைப் பார்த்தபடி இருந்தாள். ரொக்ஸ்பரோவில் இருக்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளை, இந்த ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் ஆராயும் பளிங்குக் கல் அரிசிமணி அளவுதான். பெரிய உருளைக்குள் ஹீலியக் குளிரில் கிடந்தது. அதற்குள் நுண்ணிய காந்தங்கள் சங்கிலி சங்கிலியாக நிற்கின்றனவாம்; அவை மாறும் இடத்தைத்தான் தேடுகிறாளாம்.

"இவ்வளவு குளிரிலை இனி என்ன பிள்ளை மாறக்கிடக்கு?"

"சூட்டாலை இல்லை மாமா. வெளியிலை இருந்து காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட, ஒரு இடத்திலை எல்லாம் ஒழுங்கு மாறும். சங்கிலியிலை ஒருத்தருக்குப் பக்கத்திலை ரெண்டு பேர்தானே. லேசாக் குழம்புவினம்."

"எங்கட சங்கக் கூட்டம் மாதிரி."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். திரையில் கோடு துள்ளியிருந்தது.

"இது துள்ளக்கூடாது. மெல்ல ஏறி மெல்ல இறங்கவேணும்." திரும்பி என் இரும்புத் தள்ளுவண்டியைப் பார்த்தாள். பிறகு தரையை. "மாமா, மஞ்சள் கோடு எங்கை?"

"ஊத்தையெண்டு எடுத்திட்டன்."

"ஐயோ! அதைத் தாண்டி இரும்பு வரக்கூடாது."

மிச்சமிருக்கும் ஹீலியம் இன்னும் ஒருமுறை அளக்கத்தான் போதும். தவறினால் இனி ஹீலியம் வருவது கோடையில்தான் என்றாள். நான் வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

சற்றைக்கெல்லாம் என் மேற்பார்வையாளன் அன்டன் தரை மினுக்கும் இயந்திரத்தை வெளி நடைபாதையில் உருட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணை, வாசல்காவல்? உள்ளை சாமி எழுந்தருளுதோ?"

"ஒரு கல்லு மாறப்போகுது. மெசினைக் கிட்டக் கொண்டுவராதை."

"இண்டைக்கு நடை மினுங்காட்டி மேலிடத்திட்டை எனக்குத்தான் பேச்சு."

"நடை முழுக்க நான் கையாலை துடைக்கிறன். போ."

முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

பிறகு கதவு திறந்தது. "வந்து பாருங்கோ மாமா."

திரையில் ஒரு மேடு. துள்ளல் இல்லை. கையால் தடவிவிட்டதுபோல ஏறி இறங்கியது.

"இதுதானோ?"

"ஓம். உச்சியிலைதான் மாறுது." மேட்டின் உச்சியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். நடையின் நீளத்தைப் பார்க்கவே முழங்கால் உளைந்தது. அன்டன் இரண்டு மொப்போடு அங்கே நின்றான்.

"நீங்கள் விழுந்தால் அந்த றிப்போட்டும் நான்தானே எழுதவேணும்" என்று சொல்லி ஒன்றை என்னிடம் நீட்டினான்.