சினை நண்டுத் தொட்டி

ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வேண்டுமென்று விறாந்தையில் இருந்த ஒரே பிளக்கில் யாரோ வயரைக் குத்தினார்கள். அதற்காகக் கழற்றி எறிந்தது நண்டுத் தொட்டியின் காற்றுப் பம்பு வயரை.

கணவரின் சவப்பெட்டிக்கருகில் இருந்த நிமலினிக்கு, குமிழிச் சத்தம் நின்றது கேட்டது.

தொட்டியில் ஒரு சினை நண்டு இருந்தது. வலையில் படும் சினை நண்டுகளை விற்பதில்லை, பொரிக்கும்வரை தொட்டியில் வைத்துக் குஞ்சுகளைக் கரையோரக் களப்பில் விடுவது என்று மீன்பிடிச் சங்கம் தீர்மானித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். தொட்டி வைக்க இடம் கேட்டபோது கைதட்டியவர்களின் முற்றங்கள் எல்லாம் சிறுத்துப்போயின. அன்புராஜாதான் தன் விறாந்தையைக் கொடுத்தார்.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றைத்தான்.

"சினை கறுத்திட்டுதோ?"

மஞ்சள் சினை கறுத்தால் பொரிக்க நாளாகாது. கடைசியாகக் கேட்டபோது நிமலினி, "ஓம், கறுத்திட்டுது" என்றாள். அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

சங்கத் தலைவர் ஜெயசுதன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அவர் கொண்டுவந்த மலர்வளையம் பெட்டியின் பாதியை மறைத்தது.

"உயிரோடை இருக்கேக்கை ஒரு தோடம்பழத்தோடையும் உவர் எட்டிப் பாக்கேல்லை மச்சாள்," என்றாள் அன்புராஜாவின் தங்கை ஜொய்சி. "இப்ப வளையத்தைப் பார், லொறி ரயர் மாதிரி."

"எங்கடை களப்பைக் காத்த மனிசன்!" தலைவரின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "முந்தநாள் செத்தவீட்டுச் செய்தி கேட்டதிலையிருந்து எங்கடை கரையிலை ஒரு வள்ளமும் இறங்கேல்லை. அதுதான் நாங்கள் அவருக்குக் குடுக்கிற மரியாதை!"

மைக்கைப் பிடித்திருந்த விரல்களை நிமலினி பார்த்தாள். நகங்களுக்குள் செம்மஞ்சள் அப்பியிருந்தது. சினையோடு கொடுத்தால் நண்டுக் கொம்பனி வாங்காது. பழைய பற்தூரிகையால் சினையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு வெறும் நண்டென்று நிறுத்துக் கொடுப்பவர்கள் கரையில் இருந்தார்கள். அந்த நிறம் அன்றைக்குள் சவர்க்காரத்துக்குப் போகாது. காய்ந்தால் பழுப்பாகிவிடும். தலைவரின் நகத்தில் இருந்தது இன்று காலை நிறம்.

நிமலினி எழுந்தாள்.

"எங்கை மச்சாள்?"

"காத்துப் போட."

அவள் ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிவிட்டுப் பம்பைக் குத்தினாள். தலைவரின் வாய் சத்தமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. குமிழிகள் கேட்டன.

"தங்கச்சி, கரண்ட் போயிட்டுதோ?"

"கரண்ட் இருக்கு அண்ணை. நண்டுக்குக் காத்து வேணும்."

"முடிக்கப்போறன் பிள்ளை. இன்னும் ரெண்டு வார்த்தைதான்..."

"கதைச்சது காணும். பெட்டி தூக்கமுதல் கையைக் கழுவுங்கோ. நகமெல்லாம் சினை."

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். தலைவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கிணத்தடியிலை சவர்க்காரம் கிடக்கு," என்றாள் ஜொய்சி.

போதகர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தபோது தலைவருக்கென்று விட்டிருந்த பிடி வெறுமையாக இருந்தது. ஜொய்சி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அதைப் பிடித்தாள்.

பின்னால் நடக்கமுன் நிமலினி தொட்டிக்குள் குனிந்தாள். காற்றில்லாமல் மேலே ஏறி விளிம்பைப் பற்றியிருந்த நண்டு, கறுத்த சினையோடு மெல்ல மெல்ல அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.