காற்று என்று ஒரு வரி

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவரை எல்லோரும் மாடிவீட்டார் என்றுதான் கூப்பிட்டார்கள். டவர் கிரேனின் உச்சியில், அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு குளியலறை அளவேயான கண்ணாடிக் கேபின்தான் அவருடைய வீடு. கிரேன்கள் மாறின, கட்டடங்கள் மாறின. இருபத்திரண்டு வருடங்களாக அந்த உயரம் மட்டும் மாறவில்லை. காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் மாலையில்தான் தரையில் கால் வைப்பார். நடுவில் இறங்குவதென்றால் இறங்கக் கால் மணி, ஏற இருபது நிமிடம். அதுவரை கம்பி கட்டுகிறவர்களும் கான்கிரீட் போடுகிறவர்களுமாக நாற்பது பேர் அண்ணாந்து பார்த்தபடி கைகட்டி நிற்க வேண்டும்.

மேலே இருக்கிறவருக்குப் பாதி இடம் தெரியாது. தெரியாத பாதிக்குக் கண்ணாக இருந்தவர் அவருடைய மைத்துனர், மனைவியின் அண்ணன். சிக்னல்காரரின் சிவப்புத் தொப்பியோடு சுமை இறங்குகிற இடத்தில் நின்றுகொண்டு, வாக்கிடாக்கியில் இடது, வலது, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முதலில் ஒரே வயது நண்பர்கள். பிறகுதான் நண்பர் தன் தங்கையைக் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டுப் பிடியை அசைத்து அசைத்து, மாடிவீட்டாரின் கை யோசிப்பதையே விட்டுவிட்டது. குரல் சொன்னது, கை செய்தது.

போன வருடம் மாடிவீட்டாருக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே இருந்த கற்களை மருத்துவமனையில் ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு அளவில் பதினொன்று.

"இனிமே உனக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சுன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது மச்சான்," என்றார் மைத்துனர், குப்பியை ஆட்டிப் பார்த்தபடி. "ஏறுறதுக்குக் கிளம்புற இடமே இல்ல."

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். கொழுப்பைக் கரைக்கிற பித்தநீரைச் சேமித்துவைக்க இனி பை கிடையாது, அது சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் எண்ணெயும் வெண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று அதில் எழுதியிருந்தது. மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். நாளடைவில் அதன் மேல் மின்சார ரசீதும் கேஸ்காரரின் நம்பரும் ஏறிக்கொண்டன.

அதற்குப் பிறகுதான் சர்க்கரை வந்து வழியை மறித்தது. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு ஒன்பதரை. பரிசோதனை செய்த டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, "மூணு மாசம் டைம் தர்றேன். குறையலேன்னா மேல ஏற விடமாட்டாங்க," என்றார்.

ஏறாவிட்டால் என்ன என்பது அவருக்குத் தெரியும். போன வருடம் கண் மங்கிப்போன இன்னொரு ஓட்டுநரை ஸ்டோரில் உட்காரவைத்திருந்தார்கள். தொப்பி கேட்டு வருகிறவர்களுக்குத் தொப்பி எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு காலத்தில் அவர் இருமினாலே நாற்பது பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். இப்போது தொப்பியை வாங்குகிறவர்கள் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

வழி சொன்னவர் மைத்துனர்தான். அவரே ஆறு மாதமாக அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. முட்டை, வெண்ணெய், சீஸ், கொழுப்போடு இறைச்சி. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அந்த ஓட்டைகளைக் காட்டுவார்.

"கொழுப்பு தின்னா கொழுப்பு ஏறும்னு நம்மள ஏமாத்தி வெச்சிருக்கானுங்க மச்சான். மாவுதான் எமன். மூணு மாசம் வாயைக் கட்டு. டாக்டரே உன்கிட்ட வந்து எப்படின்னு கேப்பார்."

"எனக்குப் பை இல்லியே."

"பை இல்லேன்னா என்ன, கடைக்குப் போறவன் கையில வாங்கிட்டு வரமாட்டானா?"

மாடிவீட்டார் சிரித்துவிட்டார். சிரித்ததோடு அந்தக் கேள்வி முடிந்துபோனது. பித்தப்பையை எடுத்த டாக்டரிடமும் கேட்கவில்லை, சர்க்கரை டாக்டரிடமும் சொல்லவில்லை. ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

மனைவி மறுநாளே தொடங்கிவிட்டாள். காலையில் வெண்ணெயில் பொரித்த மூன்று முட்டை. மதியத்துக்கு டப்பாவில் கொழுப்பு மினுங்கும் இறைச்சி. முதல் வாரமே வயிறு தன் பதிலைச் சொன்னது. சாப்பிட்டு அரை மணி ஆவதற்குள் அடிவயிற்றில் ஒரு முறுக்கு. அதற்குப் பிறகு கெஞ்சினாலும் கேட்காது. செவ்வாய்க்கிழமை ஒருமுறை, வியாழக்கிழமை ஒருமுறை, பாதி வேலையில் சுமையைத் தரையில் வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

"மாடிவீட்டார் தரிசனம் கொடுக்குறார், எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா," என்று கான்கிரீட்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். எஞ்சினியர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை மாடிவீட்டாரோடு மேலே வந்து கேபினில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த திங்களிலிருந்து அவர் பகலில் சாப்பிடுவதை நிறுத்தினார். உள்ளே போனால்தானே வெளியே வரும். காலை முட்டைக்கு, "டப்பாவுலயே போட்டுடு, மேல போய் நிதானமா சாப்பிடுறேன்," என்றார். மதிய உணவு கேபினுக்கு வருவது கயிற்றில்தான். மேலேயிருந்து கயிற்றை விடுவார், மைத்துனர் பையைக் கட்டுவார், இழுத்துக்கொள்வார். அரை மணி கழித்துக் காலி டப்பா அதே கயிற்றில் இறங்கும். அதில் இருந்ததெல்லாம் இருக்கைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். மாலையில் போகும் வழியில் அதைக் குப்பைத் தொட்டியில் போடுவார். வீட்டுக்குப் போனதும்தான் சாப்பாடு. வயிறு என்ன செய்தாலும் கழிவறை பத்தடி தூரம்.

மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, எழுதிக் கொடுத்தபடி. உணவோடு எடுக்கவும் என்று அட்டையில் இருந்தது. அவர் வேறு கணக்குப் போட்டார்: மாத்திரையும் சர்க்கரையைக் குறைக்கிறது, பட்டினியும் குறைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் எட்டுக்குள் வந்துவிடலாம். சுமையின் எடையையும் கிரேன் கையின் நீளத்தையும் வைத்து ஒரு கிலோ பிசகாமல் கணக்குப் போடுகிற மனிதர் அவர். இந்தக் கணக்கும் சரியாகத்தான் தெரிந்தது.

பதினொரு மணிவாக்கில் சில நாள் விரல் நடுங்கும். வயசு என்று நினைத்துக்கொண்டார். சட்டை நனையும். கண்ணாடிக் கூண்டில் வெயில் அடித்தால் வேர்க்காமல் என்ன செய்யும்.

"முகம் வத்திப்போச்சுங்க," என்றாள் மனைவி.

"உங்க அண்ணன் வத்துனா அழகு, நான் வத்துனா நோயா?"

"அவர் பெல்ட்டுல ஓட்டை போடுறார். நீங்க பெல்ட்டையே விட்டுட்டு நாடா கட்டுறீங்க."

பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது அது நடந்தது. ஒன்பதாவது தளத்துக்கு ஒரு கம்பிக் கட்டு போக வேண்டும், ஒன்றரை டன். தளத்தில் இரண்டு பேர் குனிந்து கம்பி முடிந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிவப்புத் தொப்பி.

"வா மச்சான், வா. இடது கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும், நில்லு."

குரல் கேட்டது. ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து வருகிற மாதிரி, தனக்குச் சம்பந்தமில்லாததாகக் கேட்டது. நில்லு என்ற சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் யோசித்தார். இருபத்திரண்டு வருடங்களில் முதல்முறையாக யோசித்தார். கண்ணாடியின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. கிரேனின் கை இடதுபுறமே போய்க்கொண்டிருந்தது.

"நில்லு. நில்லு. மச்சான், நில்லு."

நிறுத்தியது அவர் இல்லை. கை துவண்டு பிடியிலிருந்து விழுந்தது. விட்டால் தானாக நடுவுக்கு வந்து நின்றுகொள்கிற பிடி அது. கிரேனின் கை நின்றது. கட்டு நிற்கவில்லை. வந்த வேகத்தில் ஊசலாடி, தரையோடு தரையாகப் படுத்துவிட்ட மூன்று பேருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போய், திரும்பி, மறுபடி போனது. அது அடங்க எத்தனை நேரமானது என்று பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

மைத்துனர்தான் ஏணியில் ஏறி வந்தார். டீ போடுகிற இடத்திலிருந்து எடுத்த சர்க்கரைப் பொட்டலத்தை அவர் வாயில் கொட்டி, தண்ணீரைப் புகட்டினார். மைத்துனரின் அப்பாவும் சர்க்கரைக்காரர். சர்க்கரை அடியோடு இறங்கினால் வருகிற இந்த வேர்வையையும் இந்தப் பார்வையையும் அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கேபினின் ஓரங்களுக்கு வெளிச்சம் திரும்பியது. அப்போது மைத்துனரின் கண் இருக்கைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் பையில் விழுந்தது. முடிச்சை அவிழ்த்தார். காலை முட்டை வெண்ணெயோடு உறைந்துபோய்க் கிடந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"தினமும் காலி டப்பாதானே என் கையில வந்துச்சு."

மாடிவீட்டார் பையை வாங்கி மறுபடி முடிச்சுப் போட்டார்.

"நான் சொன்ன சாப்பாடு ஒத்துக்கலேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, உன் கிரீடம் விழுந்துடுமா?" மைத்துனரின் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. படுத்தபோது கான்கிரீட்டில் தேய்த்த தோல். "என்னையும் சேர்த்து ஏமாத்திருக்கே."

"எழுதிடுவியா?"

சுமை தவறினால் காரணத்தைச் சிக்னல்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். மைத்துனர் வெளியே பார்த்தார். தூரத்தில் ஒரு கட்டடத்தின் மேல் கொடி அசையாமல் ஈரத் துணியைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கீழே போய், திடீர்க் காற்று என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பரிசோதனையில் ஏழு புள்ளி ஒன்று வந்தது. டாக்டர் தாளை இருமுறை பார்த்தார். "பரவாயில்லையே. எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். மைத்துனர் சொன்ன அதே கேள்வி. சொல்லியிருக்கலாம். சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது, வயிறு காலியாக இருந்தது, எதிரே கேட்கிற ஆள் இருந்தார். "வாயைக் கட்டினேன் சார்," என்றார். டாக்டர் முத்திரை குத்தினார். ஒரு வருடத்துக்குச் செல்லும்.

வீட்டில் மனைவி அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "அண்ணன் வேற சைட்டுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டாராமே. உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள்.

"ஏனாம்?"

"வயசாச்சு, அவ்வளவு மாடி ஏற முடியலேங்கறார். போன வாரம்கூட ஏணியில ஓடினார்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் வெளியே வந்து போன் செய்தார். மைத்துனர் எடுத்தார்.

"ஏழு புள்ளி ஒண்ணு மச்சான்," என்றார் மாடிவீட்டார்.

"தங்கச்சி சொன்னா."

"இனிமே ஒழுங்கா சாப்பிடுவேன்."

"இறங்க வேண்டி வந்தா இறங்குவியா?"

இந்த முனையில் மாடிவீட்டார் வாயைத் திறந்தார். எஞ்சினியரின் கைக்கடிகாரம்தான் ஞாபகம் வந்தது. மைத்துனர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நீ என் தங்கச்சி புருஷன். உன்னைப் பத்தி எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரல. உன் கொக்கிக்குக் கீழ நிக்கவும் கால் வரல. வேற என்ன செய்யச் சொல்ற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மனைவி முட்டையைத் தட்டில் வைத்தாள். அவர் டப்பாவில் போடச் சொன்னார். பழக்கம்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனார். ஏணியின் அடியில் தகவல் பலகையில் அவருடைய தகுதிச் சான்றைக் கண்ணாடிக்குள் செருகியிருந்தார்கள். ஏறினார். உட்கார்ந்தார். வாக்கியை முடுக்கினார்.

"வணக்கம்ணே. நான்தான் இனிமே கீழ," என்றது முன்பின் கேட்டிராத ஒரு குரல். நடுத்தர வயது, பணிவான குரல். "உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டு நிக்கலாம்னாங்க."

முதல் சுமை பலகைக் கட்டு. கீழே பார்த்தார். புதியவர் சுமைக்கு மிக அருகில், மைத்துனர் ஒருநாளும் நிற்காத இடத்தில், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்க."

புதியவர் இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். "போதுமாண்ணே?"

"இன்னும்."

இன்னும் நாலு எட்டு. மாடிவீட்டார் கட்டைத் தூக்கினார். தரையிலிருந்து ஒரு ஆள் உயரம் போனபோது தன் விரல்களைப் பார்த்தார். நடுக்கம் இல்லை. மணி எட்டுகூட ஆகவில்லை. பதினொன்றுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. டப்பா இருக்கைக்குப் பின்னால் மூடியபடி இருந்தது.

"இன்னும் தள்ளுங்க."

"இதுக்கு மேல தள்ளினா எனக்குச் சுமையே தெரியாதுண்ணே," என்றார் புதியவர், சிரித்துக்கொண்டே.

மாடிவீட்டார் கட்டை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தார். கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே ஆட்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். எஞ்சினியரின் வெள்ளைத் தொப்பியும் வெளியே வந்தது.

"என்னண்ணே, காத்தா?"

"இல்ல," என்றார். "காத்து இல்ல. வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு ஏறினேன்னு எழுதிக்குங்க. நான் இறங்கி வர்றேன்."

டப்பாவை எடுத்துக்கொண்டார். அது கனமாக இருந்தது. ஏணியில் முதல் படியில் காலை வைத்தார்.