டவுன் வோட்டு

தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் போட்டால் அந்த நாள் அப்போதே கணக்கில் ஏறிவிடும். வாக்காளர் இடாப்பும் அப்படித்தான் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படித்துப் பாதியில் ஓடிவந்தவன் நான். ஏன் ஓடிவந்தேன் என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் இரவு வேலை, மாடியில் அறை. மார்ச்சில் அங்குள்ள கிராம சேவகரிடம் வோட்டு விலாசத்தை மாற்ற விண்ணப்பப் பாரம் கொடுத்தேன். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினேன். பேர் போட்டாயிற்று, இனி நான் தோட்டத்து லய வீட்டுக்காரன் இல்லை என்று ஒரு பிளேன்டீ குடித்துக் கொண்டாடினேன்.

அந்த வருடமே எங்கள் தோட்டம் இருக்கும் தெமோதரையில் என் தங்கை விதுஷா பிரதேச சபைத் தேர்தலில் நின்றாள்.

“அண்ணே, ஒன் வோட்டு கார்டு லயத்துக்கு வந்திருக்கு,” என்று போன் எடுத்தாள்.

“அது பழசு. அடுப்புல போடு. என் வோட்டு டவுனுக்குப் போயிருச்சு.”

“ஜெயகுமார் மாமா ஆளுங்க என்னா பேசுறாங்க தெரியுமா? சொந்த அண்ணனே வோட்டத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான், நாம எதுக்கு இவளுக்குப் போடணும்னு கேக்குறாங்க.”

ஜெயகுமார் அவளை எதிர்த்து நின்றவர்.

“நான் என்னா செய்ய? சட்டம் அப்படி.”

தேர்தலன்று வேலை முடிந்ததும் மாவு படிந்த சட்டையோடு பண்டாரவளை வாக்குச்சாவடிக்குப் போனேன். இடாப்பில் என் பெயர் இல்லை.

“பாரம் குடுத்தேனே! மார்ச்சுல!”

“அது இந்த வருஷ இடாப்புக்குத் தம்பி,” என்றார் அதிகாரி. “அதை உறுதிப்படுத்தின பொறகுதான் செல்லும். இந்தத் தேர்தல் போன வருஷ இடாப்புல நடக்குது. ஒங்க வோட்டு பழைய எடத்துலதான் இருக்கு.”

பின்னால் நின்றவர் இருமினார். நகர்ந்தேன்.

பஸ் பிடித்துத் தெமோதரையில் இறங்கியபோது, வாக்குச்சாவடிக்குப் பக்கத்துக் கடை வாசலில் ஜெயகுமார் நின்றார்.

“வாங்க டவுன் வோட்டரே! பஸ் மாறி ஏறிட்டீங்களோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்காகக் காத்து நின்ற விதுஷா சிரிக்கவில்லை. பையிலிருந்து என் கார்டை எடுத்து நீட்டினாள்.

“அடுப்புல போடலயா?”

“ஈர வெறகு. பத்தல.”

போய்ப் போட்டேன், அவளுக்குத்தான். வெளியே வந்ததும் மை பூசிய என் விரலைப் பிடித்து ஜெயகுமாரின் முகத்துக்கு நேரே காட்டினாள். “எங்க வீட்டு வோட்டு எங்க வீட்டுலதான் மாமா இருக்கு.”

இரவு முடிவு வந்தது. தோற்றுவிட்டாள். என்னைப் போல் ஒரு பஸ் நிறைய அண்ணன்கள் வந்திருந்தாலும் தோற்றிருப்பாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டாள். “அடுத்த தடவையும் நிப்பேன். அப்ப ஒன் வோட்டு எங்க இருக்கும்?”

“டவுன்லதான். புது இடாப்பு வந்துரும்.”

“அப்ப இனிமே நீ ஒண்ணுக்கும் ஒதவ மாட்ட.”

“நேத்து ஒதவுனேனே.”

“அதுவும் தெரியாமத்தானே.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.