வலமாகச் சுற்றிய தடம்

தொட்டிக்கரையில் ஸ்டாக் கார் என்ற பந்தயக் கார்கள் ஓடும் தடங்களை வீட்டில் வளர்க்கலாம். ஒரு மைலுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மைலை எட்டிய தடத்தை ஊருக்கு வெளியே உள்ள பெரிய மைதானத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு மைல் என்பது 5,280 அடி.

மாரப்பன் வீட்டுத் தடம் 5,286 அடியாகிவிட்டது.

அவர் மூன்று முறை அளந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்தான், ஆனால் அளவில் ஓர் அங்குலம் பிசகினால் அவருக்கு அன்று சோறு இறங்காது. பதினொரு வருடங்களுக்கு முன் சோளக்காட்டில் கிடந்த தடத்தை அவரும் மனைவி குருவம்மாளும் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். அப்போது அதற்கு வளைவுகள்கூடச் சரியாகப் பிரிந்திருக்கவில்லை. வேறு பிள்ளைகள் இல்லாத வீடு. இப்போது அது பின்கட்டில் கறிவேப்பிலைச் செடிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே சுருண்டு படுத்திருக்கும். அளக்கும்போது மட்டும் உடம்பை நீட்டும். அந்த நேரத்தில் பக்கத்து ஏழு வீட்டாரும் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் நாள் அளவையாளர் ஜெசிந்தா வருவதாக அறிவிப்பு வந்திருந்தது. அவருடைய பதிவேட்டில் நான்கு வகை உண்டு. மைலுக்குள் இருந்தால் குட்டைத் தடம். ஒன்றிலிருந்து இரண்டு மைல் வரை நடுத்தரம். அதற்கு மேல் நெடுந்தடம். அதன் வளைவுகள் சுவரைப்போலச் சாய்ந்திருக்கும், அங்கே நின்று பேச முடியாது. இந்த மூன்றும் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். வலப்பக்கமும் திரும்பத் தெரிந்தது நான்காம் வகை. அதைத் தொட்டிக்கரையில் யாரும் பார்த்ததில்லை. மண் தடங்களுக்குத் தனி நோட்டு.

அடுத்த தெரு கொழந்தசாமியின் தடம் போன வருடம் ஓரடி கூடியதற்காக மைதானத்துக்குப் போனது. அவர் வாராவாரம் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வருகிறார். “கூப்புட்டா எல்லாந் திரும்பிப் பாக்குது மாரப்பா, எது நம்மளதுன்னு தெரியறதில்ல” என்றார்.

மாரப்பன் தினமும் காலையில் தடத்தைப் பந்தய முறைப்படி இடமாக ஒரு சுற்று சுற்றி வருவார். அறிவிப்பு வந்த வெள்ளிக்கிழமை அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால், குருவம்மாள் கற்பூரத் தட்டோடு போய் வந்தாள். சாயங்காலம் அளந்தபோது ஓர் அங்குலம் குறைந்திருந்தது.

“எப்படிச் சுத்துன அம்மிணி?”

“எப்படிச் சுத்துவாங்க? வலமாத்தான்.”

“பந்தயத் தடத்தை இடமாச் சுத்தோணும்.”

“இடமாச் சுத்தறது எழவு வீட்டுலீங்க. உசுரோட இருக்கற புள்ளைய இத்தன வருசமா இடமாச் சுத்திப்போட்டு, வளந்துருச்சு வளந்துருச்சுன்னு மூக்கால அழுவறீங்களே.”

மாரப்பன் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். இன்னும் எழுபத்திரண்டு அங்குலம் குறைந்தால் மைலுக்கு ஓர் அங்குலம் கீழே வந்துவிடும். மிச்சம் எட்டு நாள். நாளுக்கு ஒன்பது சுற்று. அவர் நாலு, அவள் அஞ்சு.

மறுநாளே தொடங்கினார்கள். ஒருவர் சுற்றும்போது மற்றவர் சுவரில் கரிக்கோடு போட்டார். தடத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நாலாம் நாளிலிருந்து, வலமாக நடந்தால் காலடியில் லேசாகச் சிணுங்கி, இளகிக் கொடுத்தது. எட்டாம் நாள் எழுபத்தோராவது கோடு போட்டபோது மாரப்பனின் முழங்கால் மறுபடி பிடித்துக்கொண்டது. மிச்சம் இருந்தது அவருடைய சுற்று.

“நாஞ் சுத்தீர்றனுங்க” என்றாள் குருவம்மாள்.

“உனக்கு அஞ்சும் முடிஞ்சுது. இது என்னோடது.”

“அப்படீன்னா தோளப் புடிச்சுட்டு வாங்க. ரண்டு பேரு சேந்து சுத்துனாலும் ஒண்ணுதான்.”

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடம். இத்தனை நாளும் வெளியே போனால் அவர் நாலடி முன்னால் நடப்பார், அவள் பின்னால் வருவாள். அன்று ஒரு மைலுக்கும் அவர் அவள் தோளை விடவில்லை. மூன்றாம் வளைவில் நின்று மூச்சு வாங்கினார்கள். தடம் தன் ஓரத்தை உயர்த்தி அவர்கள் சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தது.

மறுநாள் ஜெசிந்தா வந்து அளந்தார். ஏழு வீட்டாரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

“5,279 அடி, பதினொரு அங்குலம்” என்று எழுதினார். பிறகு மூன்றாம் வளைவில் குனிந்து பார்த்தார். “ஐயா, இது வலப்பக்கம் திரும்பியிருக்கே.”

மாரப்பன் அருகில் போய்ப் பார்த்தார். அவர்கள் சாய்ந்து நின்ற இடத்தில் தடம் வலது பக்கமாக ஒரு முழம் வளைந்திருந்தது.

“அப்ப இது குட்டை இல்லீங்க. நாலாம் வகை.” ஜெசிந்தா பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். குருவம்மாள் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

“கூட்டிட்டுப் போயிருவீங்களா, மேடம்?”

“நாலாம் வகைக்கு நீள வரம்பே கிடையாதும்மா. வலப்பக்கம் திரும்பிட்டா வயசுக்கு வந்ததாக் கணக்கு. எங்க இருக்கணும்னு அதைத்தான் கேக்கணும்.”

“அது பேசாதுங்களே.”

“பேச வேண்டாம். திரும்பட்டும். இடப்பக்கம் வாசல், வலப்பக்கம் சமையல்கட்டு.”

தடம் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. மாரப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்; அவர் முகத்தைப் பார்த்து அது முடிவு செய்துவிடக் கூடாது. முன்னூறு வரை எண்ணினார். முன்னூற்று ஒன்றில், பின்னால் அரிசிப் பானை நகரும் சத்தம் கேட்டது. தடம் வலப்பக்கம் திரும்பிச் சமையல்கட்டுக்குள் போய், அடுப்படியைச் சுற்றிப் படுத்திருந்தது.

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தடத்தைப் பெண் பார்க்க, பார்வையாளர் உட்காரும் கேலரி ஒன்று வந்தது. பதினாலு வரிசை, புதுத் தகரக் கூரை. வாசலில் கூச்சத்தோடு நின்றது. பெரியவராக ஒரு டிக்கெட் கவுண்டர் கூட வந்திருந்தார்.

“பையன் அமைதிங்க. பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான் அவனுக்குத் தொழில்” என்றார் அவர். “வீட்டோட மாப்பிள்ளையா இருக்கவும் சம்மதமுங்க.”

மாரப்பன் பாயை விரித்துவிட்டு, வரிசைகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். சமையல்கட்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

“அம்மிணி, காப்பி பதினாலு.”

“பெரியவருக்குங்க?”

“அவருக்குச் சக்கரை வேண்டாமாம்.”