கூடுதல் ஒரு மணி நேரம்

தேர்வில் முப்பிடாதிக்குக் கிடைத்த கூடுதல் ஒரு மணி நேரம் ஆக்னஸ் மிஸ்ஸின் ஆயுளிலிருந்து எடுக்கப்பட்டது. கல்லூரிக்குச் சொந்தமாக நேரம் கிடையாது.

முப்பிடாதிக்கு எழுத்துகள் நிற்காது. ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்தது நகர்ந்துவிடும். மருத்துவச் சான்றிதழைப் பார்த்த முதல்வர், கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆளையும் கூடுதல் நேரத்தையும் அனுமதித்தார். படிவத்தில் 'நேரம் தருபவர்' என்றொரு கட்டம் இருந்தது. பதினாறு ஆசிரியர்கள் அதைப் படித்துவிட்டுப் பேனா இல்லை என்றார்கள். ஆக்னஸ் மிஸ்ஸிடம் பேனா இருந்தது.

"எந்தப் பக்கமிருந்து எடுப்பிய, அண்ணாச்சி?" என்று முப்பிடாதி அலுவலகத்தில் கேட்டாள்.

"கடைசியிலேருந்துதான்," என்றார் எழுத்தர் பூதலிங்கம். "அங்கதான் யாரும் வந்து பாக்க மாட்டாவ."

ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மிஸ்ஸின் நிழல் ஒரு விரல் குட்டையானது. வெயில் அப்படி, என்றார் மிஸ்.

கடைசித் தேர்வன்று பூதலிங்கம் வாசலில் நின்றார்.

"இன்னையோட முடியுதுல்லா? நல்லதாப் போச்சு. மத்தியானம் ஒரு மணிக்குமேல மிஸ்கிட்ட அம்பது நிமிஷந்தான் கெடக்கு."

முப்பிடாதி அன்று வேகமாக எழுதினாள். மிஸ் வாசித்தார், அவள் எழுதினாள். விரல் மரத்துப்போனது. மற்றவர்கள் எழுந்த ஒரு மணிக்கே தாளை நீட்டினாள்.

"கடைசிக் கேள்வி பாக்கி இருக்குட்டி."

"வேண்டாம் மிஸ்."

"அத விட்டா தேற மாட்ட."

"தேறாட்டிப் போகுது. நீங்க வீட்டுக்குப் போங்க."

"கையெழுத்துப் போட்டாச்சு. உக்காரு."

முப்பிடாதி கதவுக்கு ஓடினாள். வெளியே பூட்டியிருந்தது.

"கேட்டு வாங்கினது. முழுசா இருந்துட்டுத்தான் போகணும்," என்றார் பூதலிங்கம், அந்தப் பக்கமிருந்து.

அவள் திரும்பி வந்து பேனாவை மேசையில் வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் எழுதாமலே இந்த நேரத்த வீணாக்கப் போறியா?" என்றார் மிஸ், வெகுநேரம் கழித்து.

அவள் பேனாவை எடுத்தாள். மிஸ் முதல் பகுதியை வாசித்தார். எழுதினாள். இரண்டாவதை வாசித்தார். எழுதினாள். மூன்றாவதைப் பாதி வாசித்தார்.

மணி ஒன்று ஐம்பது.

முப்பிடாதி தலையைத் தூக்கவில்லை. மிஸ்ஸின் நாற்காலிப் பக்கம் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிக் கேள்வித்தாளை எடுத்தாள். எழுத்துகள் எல்லாம் வரிசையில் அசையாமல் நின்றன.

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கேள்வி எளிதாகத்தான் இருந்தது.