வளர்ந்த பாய்

அந்தப் படகின் பாய் வருடத்துக்கு நான்கு விரல் வளர்ந்தது. அது தெரியவருவதற்குள் ஒரு குடும்பம் இரண்டாகியிருந்தது.

படகு இருவருக்குப் பொது. காலையில் படகுக்காரர் ஓட்டுவார்; மதியத்துக்கு மேல் அவர் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான். புதிதில் பாயின் உச்சி பாய்மரத்தின் உச்சிக்கு ஒரு சாண் கீழே நிற்கும். பாயை மேலேற்றும் கயிற்றை இழுத்துக் கட்டினால் முன்விளிம்பில் ஒரு சுருக்கம் இருக்காது. சில மாதங்களில் சுருக்கம் விழுந்தது. மச்சான்தான் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் போகிறார் என்று படகுக்காரர் முடிவு கட்டி, முடிச்சுப் போடும் இடத்தில் சிவப்பு நூலைச் சுற்றி அடையாளம் வைத்தார். மறுநாள் நூல் வைத்த இடத்திலேயே இருந்தது, பாய் தொளதொளத்தது. ஆக, நூலையும் அவிழ்த்துச் சுற்றத் தெரிந்த கை என்று சந்தேகம் ஒரு படி ஏறியது. மச்சானும் லேசுப்பட்டவரல்ல. சிவப்பு நூலைப் பார்த்ததும் பக்கத்தில் நீல நூல் சுற்றினார்.

பாயின் உச்சி மர உச்சியில் கயிறு ஓடும் கப்பியில் போய் முட்டி, அதற்குமேல் இழுக்க இடமில்லாமல் போன அன்று, மச்சான் மரத்தை அடியில் அறுத்துவிட்டார் என்றார் படகுக்காரர். மரத்தை அளந்தார்கள். சரியாக இருந்தது. அப்படியானால் அளவு நாடாவை மாற்றிவிட்டார் என்றார். பாயை அளக்க யாருக்கும் தோன்றவில்லை. துணி சுருங்கும், வளராது என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

மச்சான் படகுப் பக்கம் வருவதை விட்டார். தெருவில் தங்கையைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவள் சமையலறையில் அழுதாள், அழுகையோடு திட்டவும் செய்தாள்.

"உங்க நிழலையே திரும்பித் திரும்பிப் பாக்கற ஆளு நீங்க. எங்கண்ணன் அப்படிச் செய்யற ஆளா?"

நான்காம் வருடம் பாயில் ஒரு பழைய ஒட்டு பிரிந்தது. பாய் புதிதாக இருந்தபோது, மிச்சத் துணியில் தன் உள்ளங்கையை வைத்து வரைந்து, அதே அளவுக்கு வெட்டி அவள்தான் அதைத் தைத்திருந்தாள். இப்போது கையை வைத்துப் பார்த்தால் சுற்றிலும் துணி மிஞ்சியது.

"என் கை சுருங்கிடுச்சா, இல்ல பாய் வளந்திருக்கா?"

படகுக்காரர் முதலில் அவள் கையைத்தான் அளந்தார். பிறகு பாயை அளந்தார். பாய்தான் வளர்ந்திருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பாய் வளருது மச்சான்."

மச்சான் கதவை முழுக்கத் திறந்தார்.

"எவ்வளவு?"

"வருசத்துக்கு நாலு விரல்."

"உங்க விரலா, என் விரலா?"

அந்த மாதமே படகில் உயரமான பாய்மரம் நட்டார்கள். அதற்குப் பிறகும் சில வருடங்களுக்கு ஒருமுறை மரத்தை மாற்றுகிறார்கள். கேட்பவர்களிடம் பாய் வளர்கிறது என்கிறார்கள், கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். பாயை அளக்கும் நாளில் இருவரும் ஆளுக்கொரு நாடாவோடு வருவார்கள், ஒருவர் அளவை மற்றவர் நம்பமாட்டார். அவள் வந்து ஒட்டின் மேல் கையை வைத்து இந்த வருடம் இவ்வளவு என்பாள். இருவரும் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.